கேட்காரர் வீட்டு அவரைக்கொடி

1938 தை மாதத்து நாட்குறிப்பில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: “கேட் சாத்தியது 8.10. ரயில் வந்தது 8.32. சாணி நான்கு கூடை.”

எங்கள் ஊர் ரயில்வே கேட்காரரைத்தான் அப்படி வேவு பார்த்தேன். காக்கி நிஜார், நரைத்த மீசை, கக்கத்தில் பச்சைக்கொடி. கேட்டில் நிற்கும் சந்தை வண்டி மாடுகள் சாணி போட்டால் போதும், கூடையோடு ஓடுவார். அதைச் சருகும் அடுப்புச் சாம்பலும் சேர்த்து மக்கவைத்து, கூரைமேல் அவரைக்கொடியை ஏற்றியிருந்தார். கொத்துக் கொத்தாகக் காய். நானோ நான்கு புத்தகங்கள் படித்து, அளந்து குழி வெட்டி, ஆடியில் அதே விதையை ஊன்றியவன். என் பந்தலில் அசுவினிப் பூச்சிதான் மிச்சம். என் மனைவியே அவரிடம் காய் வாங்கிவந்து பொரியல் செய்தாள்.

சாணிக்காகவே அவர் கேட்டை முன்னதாகச் சாத்துகிறார் என்று ரயில்வே மேலதிகாரிக்கு மனு எழுதினேன். அதைத் தபாலில் சேர்க்கப் போனபோதும் கேட் சாத்தியிருந்தது.

“ஏனுங்க, ரயில் வர இன்னும் நேரம் கெடக்குதே?” என்றேன்.

“கெடக்கட்டுங்க சாமி. மாடே சும்மா நிக்குது, நீங்க ஏனுங்க கடியாரத்தையே பாக்கறீங்க?” என்றவர், ஒரு கூடை சாணியை என் பக்கம் தள்ளினார். “உங்க குழிக்குப் போடுங்க. புஸ்தகத்துல இருக்கறதெல்லாம் போட்டீங்களாமா, சாணி மட்டும் போடலையாமா. காய் வாங்க வந்தப்ப உங்க ஊட்டு அம்மாதான் சொன்னாங்க.”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். நான் கூடையைச் சுமந்துகொண்டு வீடு திரும்பினேன்.

அடுத்த தையில் எனக்கும் காய்த்தது. எண்ணிப் பார்த்தேன், அவருக்குத்தான் அதிகம். அவர் சாணிக்காகத்தான் கேட்டை முன்னதாகச் சாத்தினாரா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. மனுவைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.