எந்த சைடுங்க நீங்க?

எங்கள் கொல்லிமலையில் 'சைடு' என்கிற வார்த்தை இல்லாமல் ஒரு நாள் ஓடாது. முள்ளுக்குறிச்சி சைடு மழை, செம்மேடு சைடு வெயில். டீக்கடைக்காரருக்கு மிளகு வியாபாரம் சைடு பிசினஸ். மரவள்ளி மூட்டையை ஒழுங்காக அடுக்காவிட்டால் வண்டி சைடு வாங்கும். வளைவு ரோட்டிலோ சைடு என்பது மரியாதை. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி மேலேயே நின்று சைடு கொடுக்க வேண்டும், திரும்பும் முன் ஹாரன் அடிக்க வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

போன தை மாதம் செம்மேட்டில் அக்கா மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு இருக்கும் ஒரே தாய்மாமன் நான். அடிவாரம் வரை ஜீப்பில் போய் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுக் கூட்டி வருவது என் பொறுப்பு. வழியில் சூடாக போண்டா போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டும் காணாமல் போனால் போண்டா மனசு என்ன பாடுபடும் என்று நின்றுவிட்டேன்.

பிறகு பறந்தேன். சம்பந்திகளிடம் அடிக்க வேண்டிய ஜோக்கை எனக்கே சொல்லிச் சிரித்துக்கொண்டு, ஒரு வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால், எதிரே பூ கட்டிய கல்யாண வேன். பிரேக்கை மிதித்ததில் பின்சக்கரம் காவாயில் இறங்கியது. ரோடு அடைபட்டது. பட்டுச்சேலைக்காரிகள் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார்கள். நானோ பதற்றத்தில் எதையோ திருகி, பளீர் வெயிலில் வைப்பரை ஓடவிட்டேன்.

மாப்பிள்ளையின் பெரியப்பா என் ஜன்னலுக்கு வந்தார். "முகூர்த்தம் போகுது. பொண்ணு சைடுல இருந்து கூப்பிட ஒரு ஆளு வரல. ஏனுங்க, நீங்க எந்த சைடு?"

"மாப்பிள்ளை சைடுதானுங்க. தூரத்துச் சொந்தம்."

சொன்னது என் வாய்தான். அதோடு மூடியிருக்கலாம். "பொண்ணு வீட்டுக்காரங்களே அப்படித்தானுங்க" என்று ஒன்றைச் சேர்த்தும் விட்டது.

ஒரு வழியாக ஜீப்பைத் தூக்கி ஓரங்கட்டி, வேனை முன்னால் விட்டு, திருடன் மாதிரி பின்னாலேயே வந்தேன். மண்டப வாசலில் அக்கா வீட்டுக்காரர் யார் செய்த தப்பென்றே தெரியாமல் கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் சமையல்கட்டில் அப்பளத்துக்குக் காவல் நின்றேன்.

மைக்கில் கூப்பிட்டார்கள். பெண்ணுக்குப் பட்டம் கட்டத் தாய்மாமன் வர வேண்டுமாம். நெற்றியில் அது ஏறாமல் கழுத்தில் தாலி ஏறாது. எட்டிப் பார்த்தேன். மணவறையில் அவள் குனிந்த தலையை நிமிர்த்தி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு ஓடிய யோசனை, மயக்கம் வந்ததுபோல் எந்தப் பக்கம் விழலாம் என்பது. அதற்குள் அக்கா வந்து, காதைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள்.

மேடையில் பெரியப்பா என்னைப் பார்த்தார். நான் பட்டத்தைப் பார்த்தேன். நிமிராமல் அவசரமாகக் கட்டியதில் பட்டம் சைடு வாங்கிவிட்டது.

"கோணலா இருக்குதுங்களா மாமா?" என்றாள் மெதுவாக.

"இல்ல கண்ணு."

"பொய். இருந்தா இருக்கட்டும். எங்க வராம போயிருவீங்களோன்னு பயந்துட்டேன்."

கெட்டிமேளம் என் நெஞ்சில்தான் முதலில் அடித்தது.

பெரியப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். அவள் புகுந்த வீட்டுக்கு எப்போது போனாலும், "வாங்க, எங்க சைடுக்காரரே" என்கிறார், அவ்வளவுதான். ஏனென்று தெரியாமலே வீடு சிரிக்கும். அவளும் சிரிப்பாள். ஊரையே சிரிக்க வைக்கும் எனக்கு அந்த ஒரு ஜோக்குக்கு மட்டும் சிரிப்பு வருவதில்லை.

போன வாரம் அவளை ஜீப்பில் மலைக்குக் கூட்டி வந்தேன். பாதி வழியில் கேட்டாள்: "அவரு ஏன் மாமா உங்கள அப்படிக் கூப்பிடறாரு?"

வளைவு வருது சாமி, பேச்சுக் குடுக்காதே என்று சொல்லிவிட்டு ஹாரனை அழுத்தினேன். நீளமாக அழுத்தினேன். எதிரில் ஒரு வண்டியும் இல்லை.