பெண்கள் பகுதியில் ஒரு கணவர்

சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ஒரு மின்நூலகத்தில் வேலை பார்த்தேன். பழைய பள்ளிக்கூட ஆண்டு மலர்களையும் கோயில் விழா மலர்களையும் கணினியில் ஏற்றுவது எங்கள் தொழில். துறைமுகப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டால் ஊரார் பிள்ளைகளைத் தூக்குவார்கள். நாங்கள் ஸ்கேனரைத் தூக்கி மேசைக்குக் கீழே வைப்போம். அதன் விலை அப்படி.

ஸ்கேன் செய்த பக்கம் கணினிக்கு வெறும் படம்தான். அதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் தலைப்பு, ஆண்டு, இடம், பொருள், உரிமை என்று கட்டங்களை நாங்கள் நிரப்ப வேண்டும். அதற்குப் பெயர் மீதரவு. அது பிழைத்தால் பக்கம் இருந்தும் இல்லாததுதான்.

என்னோடு வேலை பார்த்தவர் குறிஞ்சாக்கேணியிலிருந்து வருகிறவர். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிடுவேன். ஒரு படத்துக்கு ஒரு பொருள்தான் என்பது அவருடைய சட்டம். நான் விட்ட ஒரு காற்புள்ளிக்காக அரை நாள் என்னோடு கதைக்காமல் இருந்த மனிதர்.

ஒருநாள் சாம்பல்தீவிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் செத்து வருடம் முடியப்போகிறது, திவசத்துக்கு மாலை போடப் படம் இல்லை. இருந்ததெல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது.

"பள்ளிக்கூட மலரில ஒருக்கா அவற்ற படம் வந்தது, நாடகத்தில நடிச்சது. உங்களிட்ட இருக்கும் எண்டு சொன்னவை."

"மலரின்ர பேர் என்னம்மா?"

"சிறப்பு மலர்."

எங்களிடம் முக்கால்வாசியும் சிறப்பு மலர்.

"எந்த வருசம்?"

"மூத்தவள் வயித்தில இருக்கேக்குள்ள."

அதற்குக் கட்டம் இல்லை.

சாம்பல்தீவு என்று தட்டினேன். ஒன்றும் வரவில்லை. இடம் என்ற கட்டத்தில் நானா அச்சகம் இருந்த ஊரைப் போட்டிருந்தார், அச்சகமெல்லாம் டவுனில். நாடகம் என்று தட்டினேன். ராசா, மந்திரி, சேவகன் என்று வரிசையாக வந்தார்கள். அம்மா ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்து "இவரில்லை" என்றார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. எனக்கு அந்தக் கணினியை உடைக்க வேண்டும் போலிருந்தது.

"என்ன வேசம் கட்டினவர்?"

"அரசி. என்ர கூறைச் சீலையைத்தான் உடுத்தவர்."

பொருள் கட்டத்தில் 'பெண்கள்' என்று தட்டினேன்.

"ஆம்பிளையப் பொம்பிளையளுக்குள்ள தேடினா எப்பிடி?" என்றார் நானா.

தையல் வகுப்புக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் நடுவில், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார் அந்த அம்மாவின் கணவர். அரசிதான், சந்தேகமே இல்லை.

"இவ்வளவு வடிவா இருந்தா நான் என்ன செய்யிறது?" என்றார் நானா.

அம்மா சிரித்தார், சிரித்தபடியே அழுதார். எனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க ஏலவில்லை.

"இந்தப் படத்துக்கு மாலை போட்டா, வாற சனம் சிரிக்குமே அம்மா?"

"சிரிக்கட்டும் பிள்ளை. அதுக்குத்தானே வேசம் கட்டினவர்."

படத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். நானா அவசரமாக 'பெண்கள்' என்பதை அழிக்கப் போனார்.

"அது இருக்கட்டும் தம்பி," என்றார் அம்மா. "ஆனா சீலை என்ர எண்டு எழுதி விடுங்கோ. அதுவும் எரிஞ்சு போச்சு."

உரிமை என்ற கட்டத்தில் எல்லாப் படத்துக்கும் 'தெரியாது' என்று போடுவதுதான் எங்கள் வழக்கம். நானா அதை அழித்துவிட்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்: 'சேலை, மனைவியுடையது.'

காற்புள்ளி சரியான இடத்தில் இருந்தது.