மூத்த துரைப்பாண்டிக்கு ஒரு விளக்கு

என் தம்பி துரைப்பாண்டிக்கு அந்தப் பெயர் புதிதாக வைத்ததல்ல. அவனுக்கு முன்னே பிறந்த துரைப்பாண்டி, நடை பழகும் வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அடுத்ததும் ஆணாகப் பிறக்கவே, போன பிள்ளைதான் திரும்பி வந்துவிட்டான் என்று அம்மா அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அதனால் செத்தவனுக்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் விளக்கு வைத்ததில்லை.

சின்னவன் மழையில் நனைந்தால் போதும். "போன தடவை மாதிரி என்னைய விட்டுட்டுப் போயிராதலே" என்று அம்மா கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணை அவன் நெற்றியில் பூசுவாள். "அது நான் இல்லம்மா" என்பான். அவள் காதில் வாங்கியதே இல்லை.

எண்பத்தேழில், ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் அவனுக்கு வேலை கிடைத்தது. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வந்தவனிடம் என்ன வேலை என்று கேட்டேன்.

"மில்லு ஆளுக லிஸ்ட்டுல இருக்க ரெண்டு பேரு ஒரே ஆளான்னு மெஷினப் பாக்க வைக்கணும்க்கா."

"அஞ்சாப்பு படிச்ச நானே சொல்லிருவேனேலே, இதுக்கு ஒரு மெஷினா?"

சிரித்தான். "வெறும் எண்ணுன்னா ரெண்டும் ஒண்ணான்னு அதுக்கே தெரியும். பேரு, அப்பா பேரு, ஊருன்னு நாமளா சேத்துக் கட்டுனதுன்னா தெரியாது. எதெது ஒத்துப்போனா ஒரே ஆளுன்னு நாமதான் எழுதிக் குடுக்கணும். அண்ணனையும் என்னையும் குடுத்தா மூணும் ஒத்துப்போகும். ஒரே ஆளுன்னுரும், அம்மா மாதிரி."

"பெறந்த வருசத்தையும் சேத்துக் குடுக்க வேண்டியதுதான?"

"மெஷினுக்குச் சேத்துரலாம்க்கா. அம்மாவுக்கு எப்படிச் சேக்க?"

அன்று சாயங்காலம் அவன் அம்மாவிடமே கேட்டுவிட்டான். "அண்ணனுக்கு ஒரு விளக்கு வைப்போம்மா."

"உசுரோட முன்னால நிக்கவனுக்கு விளக்கா? வாயக் கழுவுலே!"

அதன்பிறகு அவன் ஊருக்கு வருவது குறைந்துபோனது.

மறுவருசம் அம்மா படுத்த படுக்கையானாள். லீவு போட்டு வந்து அவன்தான் கஞ்சி ஊட்டினான். ஒருநாள் கஞ்சியை விழுங்காமல் என்னைப் பார்த்து, "தொர எங்கட்டி?" என்றாள்.

"இந்தா, உனக்கு ஊட்டிக்கிட்டுல்லா இருக்கான்."

அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"இவன் சின்னவம்லா. நான் காய்ச்சல்ல கெடந்தவனக் கேக்கேன்." பிறகு அவளுக்கே எல்லாம் தெரிந்தது போலிருந்தது. "அவன் போயிட்டாம்லா... ஒரு விளக்குகூட வைக்கலியேட்டி!" என்று அழத் தொடங்கினாள்.

இத்தனை வருசமும் அம்மா வாயிலிருந்து வராதா என்று அவன் ஏங்கிய சொல் அது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அழாதம்மா, இப்ப வச்சிருவோம்மா" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அவள் நிறுத்தவில்லை. அன்றுதான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் போல, தெருவே கேட்க அழுதாள்.