அக்காவின் லேப்டாப் ஏன் அணையவில்லை

என் அக்கா புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். எந்தப் பக்கத்தையும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பாள். மேலிருந்து படித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடுமாம், பிழை கண்ணில் படாதாம். எனக்கு நேராகப் படிக்கவே பொறுமை கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தோம் என்றால் யாரும் நம்புவதில்லை.

அவளுக்கு ஒரே மகள். வீட்டில் 'வாலு' என்போம். வெளியூர் வேலைக்கு வாலு சம்மதித்ததில் இருவருக்கும் பெரிய சண்டை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள்தான், அதன்பிறகு பேச்சே இல்லை. போகுமுன் அக்காவின் பழைய லேப்டாப்பில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தாள், அதோடு சரி. தானாகக் கூப்பிட அக்காவின் வறட்டுக் கௌரவம் விடவில்லை. ஆனால் போன் அடித்தாலே அவள் முகம் மாறும். நீயே கூப்பிடேன் என்று நானும் பலமுறை கெஞ்சிப் பார்த்தேன்.

ஒரு சனிக்கிழமை மாலை நான் போனபோது, லேப்டாப்பை ஷட்டவுன் கொடுத்துவிட்டுக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வேலை முடியக் காத்திருப்பதாகத் திரையில் ஒற்றை வரி. ஒரு நிமிடம் ஆகியும் அணையவில்லை.

"நாலு நாளா இதே கூத்துதான்டா."

"பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்கா. சட்டுனு அடங்கிடும்."

"கைய எடு. அது ஏதோ வேலையா இருக்கு."

ஒன்றரை நிமிடம் கழித்து அதுவாகவே அணைந்தது. நான் போனை எடுத்து நெட்டில் தேடினேன். காத்திருக்கும் நேரத்தை ஐந்து விநாடியாகக் குறைத்துவிட்டால் போதும் என்று ஊரே சொன்னது. போனை அவளிடம் பெருமையாக நீட்டினேன்.

"எதுக்குக் காத்திருக்குன்னு தெரியாம, வாயை மட்டும் அடைக்கச் சொல்றியா?"

லேப்டாப்பை மறுபடி போட்டு, போன தடவை அணைந்தபோது கணினி தானே எழுதி வைத்த குறிப்பான லாக்கை வரவழைத்தாள். வரி வரியாகக் கொட்டியது. நான் மேலிருந்து தொடங்கிப் பத்தாவது வரியில் கொட்டாவி விட்டேன். அவள் வழக்கம்போல அடியிலிருந்து ஏறினாள். கடைசி வரி: நேரம் முடிந்தது, வேலை நிறுத்தப்பட்டது. அதற்கு மேல்: எதிர்முனைக் கணினி பதில் தரவில்லை. அதற்கும் மேல் அந்தக் கணினியின் பெயர் இருந்தது. வாலு.

அக்காவின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

பழைய லாக்குகளையும் எடுத்துப் பார்த்தாள். மகள் போன நாளிலிருந்து, ஒவ்வொரு தடவை அணைக்கும்போதும் அம்மாவின் ஃபைல்களில் ஒரு பிரதி மகளின் கணினிக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கோபத்தில் வாலு அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடந்த நாலு நாளாகத்தான் பதில் இல்லை.

"அவ கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டாளேடா," என்றாள் அக்கா. அடுத்த நொடி போன் அவள் காதில் இருந்தது. நான் மலைத்துப்போய் நின்றேன். இத்தனை மாதமாக நான் கெஞ்சியும் அசையாதவள்!

"அம்மா?" ஸ்பீக்கரில் தொண்டை கட்டிய குரல்.

"ஏன்டி உன் கம்ப்யூட்டர் பதிலே சொல்லல?"

"காய்ச்சல்மா. நடுவுல கரண்ட் போயிடுச்சு. எழுந்து மறுபடி போட முடியல."

"பக்கத்துல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பேச மாட்டேன்னு போனவ, என் ஃபைலை மட்டும் எதுக்குடி பத்திரமா வாங்கி வச்ச?"

"சண்டை உன்கூடத்தானே. நீ கண்ணு வலிக்க வலிக்கப் பார்த்த வேலை என்ன பண்ணுச்சு?"

அக்கா அதற்குள் கைப்பையில் துணியைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"கதவைத் தாழ் போடாம வை," என்றாள். "வர்றேன்."