எந்த அண்ணாச்சி?

போனைக் கண்டுபிடிச்ச வெள்ளைக்காரன், அதை எடுத்ததும் 'அஹாய்'னு கப்பல்காரன் மாதிரி கூவணும்னு சொன்னானாம். 'ஹலோ'வைக் கொண்டுவந்தது அவனோட போட்டிக்காரனாம். எங்க டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இன்ஜினியர் டீ குடிக்கும்போதெல்லாம் இதைப் பெருமையா சொல்வாரு. ராயபுரத்துல எவன் ஹலோ சொன்னான்? "இன்னாமே, லைன் குடு"ம்பான்.

அம்பதுகள்ல நான் அங்க டெம்பரரி ஆபரேட்டர். காதுல ஹெட்போன், எதிர்ல ஓட்டை ஓட்டையா போர்டு. ஒருத்தர் போனை எடுத்தா இங்க விளக்கு எரியும். நம்பர் கேட்டு, ஒயரை அந்த ஓட்டையில சொருகணும். என்னைப் பெத்த நைனா கட்டுமரத்துல காலை ஒடிச்சுகினு வூட்டுல கெடந்தாரு. என் சம்பளம் நின்னா அடுப்பும் நின்னுடும்.

என் பேஜாரு கொருக்குப்பேட்டையில இருந்துச்சு. அங்க எதிரெதிரே ரெண்டு மொளகா வத்தல் மண்டி. ரெண்டு மொதலாளியும் தெற்கத்திக்காரங்க, ரெண்டு பேரையும் ஊரே அண்ணாச்சின்னுதான் கூப்பிடும். நம்பரை எவன் மனப்பாடம் பண்ணான்? "அண்ணாச்சி கடைக்குப் போடும்மா"ம்பாங்க. "எந்த அண்ணாச்சி?"ன்னா கோவம் வந்துடும். "அட, நம்ம அண்ணாச்சிம்மா!" நான் இன்னா ஜோசியக்காரியா? குத்துமதிப்பா ஒண்ணுல சொருகுவேன்.

ஒருநாள் ஒரு அண்ணாச்சி வேட்டியை மடிச்சுக் கட்டிகினு எக்ஸ்சேஞ்சுக்கே வந்துட்டாரு. "இவ வேணும்னே என் யாவாரத்தையெல்லாம் எதிர்த்த கடைக்குத் திருப்பி விடுதா. மொதல்ல இவளை வீட்டுக்கு அனுப்புங்க!" டெம்பரரியைத் தூக்க ஒரு கையெழுத்து போதும்.

எங்க சூப்பர்வைசரம்மா லேசுப்பட்ட ஆளில்ல. மேசை மேல இருந்த போனை அவர் பக்கம் தள்ளுச்சு. "உங்க கடைக்கு நீங்களே பேசுங்க, பார்க்கலாம்." அவர் மீசையைத் தடவிகினு எடுத்தாரு. போர்டுல அப்போ என் தோஸ்து.

"நம்பர் ப்ளீஸ்."

"அண்ணாச்சி கடைக்குப் போடும்மா."

"எந்த அண்ணாச்சி?"

"ஏட்டி, நம்ம அண்ணாச்சி!"

அவளும் குத்துமதிப்பா சொருகிட்டா. எடுத்தது எதிர்த்த கடைக்காரர். இவர் மூஞ்சி வத்தல் மாதிரி செவந்துடுச்சு. ரிசீவரை டமால்னு வச்சுட்டு எறங்கிப் போயிட்டாரு. என் வேலை தப்பிச்சுது. அன்னிக்கு சுண்டல் வாங்கித் தின்னு கொண்டாடினோம்.

கொஞ்ச நாள்லயே ஆட்டோமேட்டிக் மெஷின் வந்துச்சு. நம்பரைச் சுத்தினா அதுவே லைன் போட்டுக்கும். இதைக் கண்டுபிடிச்சவன் அமெரிக்காவுல பொணப்பெட்டி விக்கிறவனாம். இதுவும் இன்ஜினியர் சொன்னதுதான், நெஜமோ புருடாவோ. அவன் ஊர் ஆபரேட்டர், போட்டிக் கடைக்காரனோட பொண்டாட்டி. சாவு வுழுந்த வூட்டுலேர்ந்து யார் பேசினாலும் புருஷன் கடைக்கே லைன் குடுத்துடுவாளாம். கடுப்பாகி, ஆபரேட்டரே வேணாம்னு மெஷின் செஞ்சுட்டானாம். எல்லாரும் வுழுந்து வுழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல. பர்மனென்ட்டுங்களை வெளியூர் லைன் போடுற டிரங்க் போர்டுக்கு மாத்தினாங்க. டெம்பரரிங்களை வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

கடைசி நாள் எக்ஸ்சேஞ்ச் கேட்டாண்ட அதே அண்ணாச்சி நின்னுகினு இருந்தாரு. "எம்மா, இந்த மெஷினு வாயைத் தொறக்கவே மாட்டேங்குது. நீயே ஒரு லைன் போட்டுத் தாயேன்."

"என்னை அனுப்பிட்டாங்க அண்ணாச்சி."

அவர் பதறிட்டாரு. "நான் அன்னைக்கோட விட்டுட்டேனேம்மா! இப்போ எவன் புகார் கொடுத்தான்?"

"அமெரிக்காவுல ஒரு பொணப்பெட்டிக்காரன், அண்ணாச்சி. உங்களை மாதிரியே கோவக்காரன்."

சிரிச்சுகினேதான் சொன்னேன். அப்புறம் ராயபுரம் பிரிட்ஜ் வரைக்கும் அழுதுகினே நடந்தேன். நைனாகிட்ட இன்னான்னு சொல்றது?