காகம் தேடிப் போன ஊர்

சென்ற சனிக்கிழமை லண்டன் தோர்ன்டன் ஹீத்தில் தமிழ்க் கடைக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனவன், கறிவேப்பிலையை மறந்து, பக்கத்தில் பழைய சாமான் விற்கும் சரிட்டி கடையில் ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மனைவி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. "வெறும் டின்னையோ காவிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தானே கறிவேப்பிலைக்குப் புறப்பட்டுவிட்டாள். முப்பத்தைந்து வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு, எந்தக் கேள்விக்கு என்னிடமிருந்து பதில் வராது என்று தெரியும்.

டின் மூடியில் ஆங்கில நாட்டுப்புறக் கிராமம் ஒன்றின் படம். வைக்கோல் வேய்ந்த வீடுகள், கல்லுக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம், வேலியோரம் இரண்டு செம்மறி ஆடுகள். எல்லாம் வடிவாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு காகம்கூட இல்லை. படம் கீறியவன் அப்படியொரு ஊருக்கு நேரில் போனவனாக இருக்கமாட்டான். டின்னை முகர்ந்து பார்த்தேன். பழைய வெண்ணெய் பிஸ்கட் மணம். அந்த மணம் என்னை அந்தோனியின் நீலக் காருக்குள், பின் இருக்கையில், கொண்டுபோய் இருத்திவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதி. மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டில் ஐந்து ஆண்கள் குடியிருந்தோம். ஐந்து பேருக்கும் ஒரே மண்ணெண்ணெய் ஹீற்றர், ஒரே நல்ல கோட். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவன் அன்றைக்குக் கோட்டின் சொந்தக்காரன். அந்த வீட்டில் மூத்தவர் பாலண்ணை. ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர், இங்கே பெற்றோல் நிலையத்தில் என்னோடு ஷிப்ட் செய்தார். மன்னார்க் கத்தோலிக்கனான அந்தோனி பக்கத்து அறை. எங்களில் கார் வைத்திருந்தவனும் சுமாராக ஆங்கிலம் கதைக்கக் கூடியவனும் அவன் ஒருவன்தான். என் ஆங்கிலம் பெற்றோல் விலையைத் தாண்டாது.

பாலண்ணையின் தகப்பனார் ஊரில் காலமான செய்தி ஆறு கிழமை பிந்தி வந்தது. இருபது வருடம் மற்றவர்களின் கடிதங்களைப் பிந்தாமல் சேர்ப்பித்த மனிதருக்குத் தன் கடிதம் அப்படி வந்தது. தம்பி கொள்ளி வைத்ததாகவும், எட்டுச் செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்துவிட்டதாகவும் எழுதியிருந்தது. அகதி வழக்கு முடியாமல் இவர் ஊருக்குப் போக வழியில்லை. போனால் திரும்பி வரவும் வழியில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கும் வேலைக்கு வந்தார். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி அமாவாசை, தகப்பனை இழந்தவர்களின் விரத நாள். ஊரென்றால் கீரிமலைக் கேணியில் முழுகி, தர்ப்பணம் கொடுத்து, வீட்டில் சமைத்துப் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, காகம் தின்ற பிறகுதான் விரதகாரர் வாயில் சோறு வைப்பார். காகத்தின் உருவில் தகப்பன் வருவதாக நம்பிக்கை. அந்த முதல் வருடம் பாலண்ணை பின் வளவில் சோற்றை வைத்துவிட்டு "கா கா" என்று கூப்பிட்டார். புறாக்கள் வந்தன. கடற்பறவை ஒன்று வந்து கத்தியது. காகம் வரவேயில்லை. பொழுதுபடும் மட்டும் பார்த்துவிட்டு, வெறும் தண்ணீரைக் குடித்து வேலைக்குப் போனார். மறுநாளும் சாப்பிடவில்லை. "ஐயாவுக்கு என்னிலை கோபம். கொள்ளி வைக்காத பிள்ளையின்ரை சோறு அவருக்கு என்னத்துக்கு?" என்றார். அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒழுங்காகச் சாப்பிட்டதை நான் காணவில்லை. கழுத்தெலும்பு தெரியத் தொடங்கிவிட்டது.

அடுத்த ஆடி நெருங்கியபோது வழி சொன்னவன் அந்தோனி. அவன் தன் கோயில் ஆட்களோடு எசெக்ஸில் பழைய கிராமமொன்றுக்குச் சுற்றுலா போய் வந்திருந்தான். ஐந்நூறு வருட வீடுகள், அதைவிடப் பழைய தேவாலயம் என்று மற்றவர்கள் புகழ்ந்துகொண்டிருக்க, இவன் கண்டுகொண்டு வந்தது ஒன்றுதான். "அண்ணை, அங்க மரம் முழுக்கக் காகம்."

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அடுத்த ஆடி அமாவாசைக்கு நீங்களும் கார் எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள்.

சாமான் வாங்க முதல் நாளே இந்தியக் கடைகள் நிறைந்த சவுத்தாலுக்குப் போனோம். யாழ்ப்பாணத்தில் அன்றைய சமையலுக்குக் காத்தோட்டிக்காய் கட்டாயம் வேண்டும். கைப்பென்றால் அப்படியொரு கைப்பு. லண்டனில் அதற்கு எங்கே போவது? கைப்புக்குக் கைப்பு என்று பாகற்காய் வாங்கினோம். வாழையிலையும் கிடைக்கவில்லை, நாங்கள் கோவா என்று சொல்லும் முட்டைக்கோசின் இலையைப் பெரிதாகப் பார்த்து உரித்து எடுத்தோம். காலையில் பாலண்ணை குளித்து, மூன்று கறியோடு சமைத்து, அடுக்குப் பெட்டியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் இருந்தார். நான் பின்னால். பசி தாங்காமல் பிஸ்கட் பைக்கற்றைச் சத்தமில்லாமல் பிரித்தேன். வெண்ணெய் மணம் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் திரும்பாமலே, "சாப்பிடு தம்பி. உன்ரை ஐயா இருக்கிறார்தானே" என்றார். பைக்கற்றை மடித்துக் காலடியில் வைத்துவிட்டேன்.

கிராமம் உண்மையிலேயே அழகுதான். வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நின்றன. சுவர்களுக்கு இளஞ்சிவப்புப் பூச்சு, கூரைக்கு வைக்கோல். பாலண்ணை கூரைகளை அண்ணாந்து பார்த்தார். ஊரில் சனம் ஓட்டு வீடு கட்டத் தலைகீழாய் நிற்க, இங்கே பணக்காரன் வைக்கோலுக்குள் இருக்கிறானே என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் பகிடி விட்டது. தேநீர்க் கடை வாசலில் நின்ற பெண் எங்களைப் பார்த்தபடியே ஒரே மேசையைத் திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

காகங்கள் தேவாலயத்துக்குப் பின்னால், வயலோரத்து உயர்ந்த மரங்களில் இருந்தன. தேவாலய வளவுக்குள்ளால் போனால் இரண்டு நிமிடம். ஆனால் உள்ளே கல்லறைகள். விரதச் சோற்றைக் கொண்டு சுடலைக்குள்ளால் போகலாமா என்று பாலண்ணை மறுத்துவிட்டார். ஊரைச் சுற்றி அரை மைல் நடந்தோம். அந்தோனி தன் ஆட்களின் கல்லறை வளவைச் சுடலை என்று சொல்லிவிட்டதாக வழிநெடுக முணுமுணுத்தான்.

வயலில் கோதுமை பழுத்து நின்றது. வேலியோரத்தில் தட்டையான ஒரு கல்லைக் கழுவி, கோவா இலையைப் போட்டுச் சோறு படைத்தார். காகங்களைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்களூர்க் காகம் கழுத்தில் சாம்பல் நிறம் கொண்டது. இவை முழுக் கறுப்பு. "இது அண்டங்காகமெல்லோ? ஏற்குமோ?" என்றார்.

"இந்தக் குளிர் நாட்டிலை ஐயா கறுப்புக் கோட்டுப் போடாமல் எப்பிடி அண்ணை வருவார்?" என்றான் அந்தோனி.

பாலண்ணை கூப்பிட்டார். ஒரு காகம் மரத்தைவிட்டு இறங்கி வேலித் தூணில் இருந்தது. தலையைச் சரித்து இலையைப் பார்த்தது. பிறகு நிலத்துக்கு வந்து, இரண்டு எட்டுத் தத்தியது. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

அப்போது வெடித்தது. அடுத்தடுத்து இரண்டு வெடி.

மூவரும் ஒரே நேரத்தில் நிலத்தில் கிடந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. முகம் மண்ணில், கைகள் தலைக்கு மேல். ஊரைவிட்டு மூன்று வருடமாகியும் உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை. ஆமியின் சுற்றிவளைப்பு என்றே நினைத்தேன், எசெக்ஸில்! இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

எவ்வளவு நேரம் கிடந்தோமோ தெரியாது. கண்ணைத் திறந்தால் முன்னால் இரண்டு சேற்றுச் சப்பாத்துகள், ஒரு நாயின் நான்கு கால்கள். வயல்காரக் கிழவர். உங்களுக்கு என்ன நடந்தது என்று அமைதியாகக் கேட்டார். யார் சுடுகிறார்கள் என்று அந்தோனி படுத்தபடியே கேட்டான். யாரும் சுடவில்லை, அது காஸில் வேலை செய்யும் இயந்திரம், தானாக வெடிக்கும், பயிரைத் தின்ன வரும் காகங்களைக் கலைப்பதற்கு வைத்திருக்கிறேன் என்றார் அவர்.

அந்தோனி அதைத் தமிழில் சொன்னதும் பாலண்ணை எழுந்து இருந்தார். சட்டை முழுக்கச் சோறும் பருப்பும். மரங்களைப் பார்த்தார். ஒரு காகம் இல்லை. "கலைக்கிறதுக்கோ?" என்றார். "நான் கூப்பிட எல்லோ வந்தனான்." சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். ஒரு வருடத்துக்கு மேலாகத் தேக்கி வைத்த அழுகை. ஐயா, ஐயா என்று வயல் கேட்க அழுதார். நான் அவர் முதுகைத் தடவியபடி நானும் அழுதேன்.

அந்தோனி அந்த மனிதருக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான். இவருடைய தகப்பன் இறந்ததை, இவர் போக முடியாமற்போனதை, இன்றைய நாளின் விரதத்தை, காகம் தின்னாவிட்டால் இவரும் தின்னமாட்டார் என்பதை. கடைசியில் கிழவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். எவ்வளவு நேரம் தேவைப்படும்?

பாலண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது ஐயாவின்ரை விருப்பம்" என்றார். அதை அந்தோனி எப்படி மொழிபெயர்த்தான் என்று எனக்குத் தெரியாது. மனிதர் தலையாட்டினார். கோதுமைக்கு நடுவே மெல்ல நடந்துபோய்க் குனிந்து இயந்திரத்தை நிறுத்தினார். திரும்பி வரவில்லை. காகங்கள் பயப்படுமென்று நினைத்தாரோ என்னவோ, நாயின் கழுத்துப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்திவிட்டார்.

மிச்சச் சோற்றை இன்னொரு கோவா இலையில் படைத்தோம். ஒரு மணித்தியாலம் போயிருக்கும். காகங்கள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. பிறகு ஒன்று இறங்கியது. இலைக்கு வந்து, முதலில் பாகற்காய்த் துண்டைக் கொத்தி எடுத்து, தலையை ஒரு உதறு உதறி, தூர எறிந்துவிட்டு, சோற்றை அள்ளி விழுங்கியது.

பாலண்ணை என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் நொந்தன. "ஐயாதான் தம்பி. ஐயா பாகற்காய் வாயிலை வையார்."

அன்றைக்கு அவர் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார். வயல்காரருக்கும் ஒரு பங்கு கொடுத்தோம். உறைப்பில் கண்ணீர் வடிய, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் போனோம். நீலக் காரைக் கண்டதும் கிழவர் கையிலிருந்த கோப்பையை வைத்துவிட்டு வயலுக்குள் நடப்பார். வருடத்துக்கு வருடம் திகதி ஏன் மாறுகிறது என்று மட்டும் அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. தொண்ணூறுகளில் ஒரு வருடம் படலையைத் திறந்தது அவருடைய மகன். மாசி மாதம் கிழவர் காலமாகிவிட்டாராம். மகனும் ஒன்றும் கேட்காமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தான்.

அன்றைக்குப் பாலண்ணை இரண்டு இலை போட்டார். ஆயுள் முழுக்கக் காகம் கலைத்த மனிதர் காகமாக வருவாரா என்று அந்தோனி கேட்டான். "வராட்டிப் பரவாயில்லை. வைக்கிறது எங்கடை கடமை" என்றார். எள்ளும் தண்ணீரும் விடும்போதுதான் தடுமாறினார். தர்ப்பணத்தில் பெயர் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் 'சேர்' என்று கூப்பிட்டதைத் தவிர, அந்த மனிதரின் பெயரை நாங்கள் மூவரும் ஒருநாளும் கேட்டதில்லை. பாலண்ணை இன்னொரு முறை எள்ளை அள்ளினார். பிறகு, "வெடி நிப்பாட்டின ஐயாவுக்கு" என்று சொல்லித் தண்ணீரை விட்டார். தன் தகப்பனை அழைத்த அதே ஐயா.

இப்போது அந்த வயலில் புது வீடுகள். காகமிருந்த மரங்களும் இல்லை. அந்தோனி கனடாவுக்குப் போய்விட்டான். பாலண்ணை காலமாகி ஆறு வருடம். கோவிலில் ஆடி அமாவாசைக்கு வரிசையில் நிற்கிறேன். குருக்கள் பெயர்களைக் கேட்கிறார். என் ஐயாவின் பெயரைச் சொல்கிறேன், பாலண்ணையின் பெயரைச் சொல்கிறேன். மூன்றாவதாக, வயல்காரருக்குப் பாலண்ணை வைத்த பெயரைச் சொல்லும்போது குருக்கள் ஒவ்வொரு வருடமும் நிமிர்ந்து பார்க்கிறார். லண்டனில் அந்தப் பெயரைச் சொல்ல இப்போது நான் ஒருவன்தான் மிச்சம்.