பிளவுஸ் பிட் கட்டிய கொய்யா மரம்

பாதி தின்று கீழே கிடக்கும் கொய்யாப்பழத்துக்கு ஒரு வாசனை உண்டு. இனிப்பும் புளிப்பும் கலந்து, நனைந்த மண்ணோடு சேர்ந்து, கொஞ்சம் கிறக்கமாகக்கூட இருக்கும். போன வாரம் குற்றாலத்தில் ஒரு பழ வண்டிக்குப் பக்கத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறியதும், அருவிக்குப் போய்க்கொண்டிருந்த என் கால் அங்கேயே நின்றுவிட்டது. மூன்று வருஷத்துக்கு முந்தைய சாரல் காலம் அப்படியே எழும்பி முன்னால் வந்தது.

தென்காசியை ஒட்டின குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு. அதற்கு முன்னால் எல்லாமே வாடகை வீடுகள். எங்கே போனாலும் எதையாவது நட்டு வைப்பேன். அது பூவெடுக்கிற நேரம் பார்த்து வீட்டைக் காலி பண்ணச் சொல்வார்கள். சிவகிரியில் ஒரு மாதுளை, புளியங்குடியில் ஒரு எலுமிச்சை என்று ஊர் ஊராக மரத்தை விட்டுவிட்டு வந்தவள் நான். அதனால் சொந்த மனையில் அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே ரோட்டோர நர்சரியில் ஒரு சிவப்புக் கொய்யாக் கன்று வாங்கிப் புறவாசல் மூலையில் ஊன்றிவிட்டேன். சிமெண்டு தண்ணீர் குடித்து, கொத்தனார் துப்பின வெற்றிலையை உரமாகத் தின்று, அது மளமளவென்று ஏறியது. இரண்டு கவையாகப் பிரிந்தது. சின்னக் கவை எங்கள் பக்கம், பெரிய கவை மதிலைத் தாண்டி அடுத்த வீட்டுப் பக்கம். காய்த்துக் குலுங்கியது. ஆனால் ரெண்டு சாரல் கடந்தும் என் மரத்தில் ஒரு முழுப் பழத்தை நான் தின்றதில்லை.

பகலில் கிளி, அணில். இருட்டினால் வௌவால். விடிந்து போய்ப் பார்த்தால் கடித்ததும் குதறியதும் சப்பித் துப்பின சக்கையுமாகத் தரை முழுக்கக் கிடக்கும். எங்கள் தரை என்றால் பெருக்கித் தள்ளிவிடலாம். பெரிய கவைக்குக் கீழேதான் அடுத்த வீட்டு அண்ணாச்சியின் வெள்ளைக் கார் நிற்கும்.

அண்ணாச்சி போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசைக்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்கவில்லை. தினமும் காலையில் பக்கெட்டும் துணியுமாகக் காரைத் துடைத்துக்கொண்டே மதிலுக்கு மேலே தலையை நீட்டுவார்.

"ஏம்மா, நீ மரம் வளக்கியா, வௌவாலுக்கு மெஸ் நடத்துதியா?"

நான் சிரித்து மழுப்புவேன். அவர் விடமாட்டார். "வௌவால் மேல எஃப்.ஐ.ஆர். போட முடியாது பாத்துக்க. அதான் மரத்து மேல போடுதேன்."

கேலியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த வருஷம் எல்லைக்கு அந்தப் பக்கம் வௌவாலால் ஏதோ காய்ச்சல் பரவுகிறது என்று டிவியில் சொல்ல ஆரம்பித்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த அண்ணாச்சியின் மகள் இன்னும் புகுந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கவில்லை. தவழுகிற பிள்ளை, கையில் அகப்பட்டதை வாயில் வைக்கிற பருவம். ஒரு நாள் அது வாசலில் கிடந்த கடிபட்ட பழத்தை எடுத்து வாய்க்குக் கொண்டுபோக, மதினி ஓடிவந்து தட்டிவிட்டார்களாம். மதினி என்றால் அண்ணாச்சியின் மனைவி. சாயங்காலம் அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் கேலி இல்லை. சாரல் முடிந்ததும் பெரிய கவையை வெட்டிவிட வேண்டும், வெட்டும் ஆளுக்கு நானே போன் பண்ணியாயிற்று என்றார். அந்த ஆளும் வந்து பார்த்து, இந்தக் கவையை எடுத்தால் மரம் நிற்காது, அடியோடு எடுப்பதுதான் மரியாதை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவர் மேல் என்ன தப்பு சொல்ல? பிள்ளை இருக்கிற வீடு. என் வீட்டுக்காரரும், "மரம் போனா இன்னொண்ணு வச்சுக்கிடலாம். பக்கத்து வீடு போனா என்ன செய்வ?" என்றார். நேரே அண்ணாச்சியிடம் போய் நின்றேன். இந்த ஒரு காய்ப்பு மட்டும் பொறுங்கள் அண்ணாச்சி, ஒரு கடிபட்ட பழம் உங்கள் பக்கம் விழாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன்.

உண்மையிலேயே தெரியாது. யாரோ சொன்னார்கள் என்று பழைய சி.டி.க்களைக் கட்டித் தொங்கவிட்டேன், வெயிலில் மின்னினால் பறவை பயந்து ஓடும் என்று. சாரல் மாசத்தில் தென்காசியில் வெயிலை எங்கே போய்த் தேட? மேற்கே மலை மேகத்தைப் போர்த்திப் படுத்துக்கிடக்கிறது, என் சி.டி.க்கள் சாம்பல் வானத்தைக் காட்டிக்கொண்டு சும்மா சுற்றுகின்றன. ஒரு கிளி அதில் முகம் பார்த்துவிட்டுப் போனது. பிறகு பிளாஸ்டிக் கவர் கட்டினேன். உள்ளே வேர்த்து, பிஞ்சோடு அழுகியது. பிறகு நைலான் வலை. மறுநாளே ஒரு அணில் காலை மாட்டிக்கொண்டு தலைகீழாகக் கிடந்து கீச்சிட்டது. கத்தரியால் ஒவ்வொரு கண்ணியாக நறுக்கி விடுவித்தால், நன்றிக்கு என் விரலைக் கடித்துவிட்டு ஓடியது. வலையையும் அவிழ்த்துப் போட்டேன். காய்கள் மினுமினுக்கத் தொடங்கியிருந்தன. கொல்லையில் நடந்துகொண்டே இருந்தேன், அடுப்பில் பால் பொங்கிக் கீழே வழிய வழிய.

அந்த வாரம் அடுத்த தெருவில் ஒரு புதுமனை புகுவிழா. சாப்பிட்டுக் கிளம்பும்போது வழக்கம்போலத் தாம்பூலப் பை: தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், ஒரு பிளவுஸ் பிட். நேரே புறவாசலுக்குத்தான் போனேன். கைக்கு எட்டுகிற கொப்பில் ஒரு கொத்துக் காய், அதில் ஒன்றைக் கிளி அப்போதுதான் குடைந்துகொண்டிருந்தது. என்ன வேகமோ, பையில் இருந்த பச்சைப் பிளவுஸ் பிட்டை உருவி, மிச்சக் காய்களின் மேல் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டேன். ஏதோ கோபத்தில் செய்ததுதான்.

காலையில் மற்ற கொப்பெல்லாம் சேதம். பச்சைத் துணிக்குள் மட்டும் காய்கள் அப்படியே இருந்தன. ராத்திரி மழையில் நனைந்த துணி காற்றில் காய்ந்தும் விட்டிருந்தது.

பீரோவைத் திறந்தேன். நம் வீடுகளில் பிளவுஸ் பிட்டுக்கு ஒரு விதி இருக்கிறதே, எல்லாருக்கும் தெரியும். வந்தது நமக்குத் தைக்கப் பத்தாது. எந்தச் சேலைக்கும் சேராது. மங்கலமாக வச்சுக் கொடுத்தது என்பதால் தூக்கிப் போடவும் கூடாது. மடித்து வைத்து, அடுத்த விசேஷத்தில் இன்னொருத்திக்கு வச்சுக் கொடுப்போம். அவள் வேறொருத்திக்கு. என் பீரோவின் கீழ்த்தட்டு முழுக்க இப்படி ஊர் சுற்றிக் களைத்துவந்த துணிகள். அள்ளிக் கட்டிலில் கொட்டி, வெட்டி, மிஷினில் உட்கார்ந்தேன். ரெண்டு பக்கம் தையல், வாயில் பாவாடை நாடா, தண்ணீர் வடிய அடியில் ஒரு சின்னக் கீறல். ஒரு கொத்துக்கு ஒரு பை.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "தாம்பூலத்துல வந்தத மரத்துல தொங்கவிட்டா குடுத்தவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் முதலில் பெரிய கவையில்தான் கட்டினேன். மதிலில் ஏறி நின்று, மஞ்சள், நீலம், ரோஸ், மெரூன் என்று.

ரெண்டு நாள் கழித்து மதினி மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

"ஏட்டி, இங்கன வா. அந்த மெரூன்ல ஜரிகைப் புள்ளி, அது எம்மவ கல்யாணத்துக்கு வச்சுக் குடுத்ததுல்லா?"

 பொய் சொல்ல வரவில்லை. "ஆமா மதினி."

"ஏன் தைக்கல?"

"துணி பத்தல மதினி."

மேலேயும் கீழேயும் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்கள். போச்சு, இனி சாரல் முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்கமாட்டார்கள், மகள் கல்யாணத் துணியை வௌவாலுக்குக் கட்டிவிட்டேன் என்று நான் மதிலைப் பிடித்தபடியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கட்டைப்பை மதிலுக்கு மேலே வந்தது. அதற்குப் பின்னால் மதினியின் முகம்.

"இந்தா. இதையும் தையி. உள்ள நீ எனக்குக் குடுத்ததும் கெடக்கும், பாத்துக்க."

கெடந்தது. எங்கள் பால்காய்ப்புக்கு நான் மதினிக்கு வச்சுக் கொடுத்த ஊதா. அதுவும் எனக்கு வேறு யாரோ கொடுத்ததுதான் என்று சொன்னேன். மதினி மதிலில் சாய்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு தெருவே வந்தது. ஆளுக்கொரு பை. மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்து, இது என்னுது, இல்ல அது நான் அவளுக்குக் குடுத்தது, அவ ஒனக்குத் தள்ளிட்டாளா என்று ஒரே வழக்கு. ஒருத்திக்கும் கோபம் இல்லை. ஒருத்தியும் ஒன்றையும் தைத்திருக்கவில்லை. மரம் முழுக்கக் கலர் ஏறியது. சாரலில் நனைந்து காற்றில் ஆடும்போது, மழை அந்த மரத்துக்கு மட்டும் பல நிறத்தில் பெய்கிற மாதிரி இருக்கும்.

அண்ணாச்சிக்குத்தான் புது இம்சை. குறுக்கு வழியில் குற்றாலம் போகிற கார்கள் மரத்தைப் பார்த்து நின்றன. இறங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்களும் உண்டு. "எந்த அம்மன்னு கேக்கான்ம்மா. என்னத்தச் சொல்ல? கொய்யாக்கனி அம்மன்னுட்டேன். போலீஸ்ல ரிட்டையர் ஆயி இப்பம் பூசாரி வேல பாக்கேன்." மீசைக்கடியில் சிரிப்பு ஒளிந்திருந்தது போலத்தான் தெரிந்தது. ஆனால் வெட்டும் ஆளை வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

அப்புறம் அந்தக் காற்று வந்தது. ராத்திரி முழுக்க மலையிலிருந்து இறங்கி, கதவை அடித்து, ஓட்டைப் புரட்டி, விடிந்த பிறகும் ஓயவில்லை. காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டில் 'டொக்' என்று ஒரு சத்தம். கார் மேல்தான். டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன்.

அண்ணாச்சி கார் பக்கத்தில் நின்றிருந்தார். கையில் கொப்போடு ஒடிந்து விழுந்த நீலத் துணிப் பை. நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் மதிலில் தாடையை வைத்துக்கொண்டு பார்த்தேன், பரீட்சை எழுதினவள் மாதிரி. துணி விலகியது. கிளி கொத்தாத, அணில் சுரண்டாத, வௌவால் பார்க்கவே பார்க்காத ஒரு பழம். துணிக்குள்ளேயே வளர்ந்ததால் வெளிறின மஞ்சளில், இப்போதுதான் கண் திறந்த மாதிரி. திருப்பித் திருப்பிப் பார்த்தார். வேஷ்டியில் ஒரு துடை. நான் ரெண்டு சாரலாகக் காத்திருந்த முழுப் பழத்தை நறுக்கென்று ஒரு கடி.

மென்றார். இன்னும் மென்றார். பிறகு மிச்சத்தை மதிலுக்கு மேலே நீட்டினார்.

"தின்னு. பயப்படாத, வௌவால் கடிக்கல, நான்தான் கடிச்சேன்."

உள்ளே அப்படி ஒரு சிவப்பு. வாயில் வைத்ததும் இனிப்பு காதுவரை போயிற்று. நான் மென்றுகொண்டிருக்கும்போதே அவர் போனை எடுத்தார். "ஏலே, கொய்யா வெட்ட வரச் சொன்னம்லா, வர வேண்டாம்லே. என்னத்துக்கா? மரம் காய்க்குதுலே."

அதற்கப்புறம் வந்த ஞாயிற்றுக்கிழமை பறித்தோம். அண்ணாச்சி ஏணியில், மதினி கீழே, நான் மதில் மேல். அணில் ரெண்டு பையைக் கிழித்திருந்தது. இருக்கட்டும், அதற்கும் பங்கு. மிச்சமெல்லாம் முழுசு. அண்டா நிறைந்து, குடம் நிறைந்து, தெருவில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. தவழுகிற பிள்ளைக்கு அண்ணாச்சியே பழத்தைக் கழுவி, விதை நீக்கி, கரண்டியால் சுரண்டி ஊட்டினார். நான் மரத்தடியில் தரையில் உட்கார்ந்து, ஒரு முழுப் பழத்தை, ஒருவருக்கும் தராமல், காம்புவரை தின்றேன்.

என் மரத்தை வெட்டச் சொன்ன வீட்டுத் துணியும் சேர்ந்துதான் அந்த மரத்தைக் காத்தது என்பதை எப்போது நினைத்தாலும், இன்றைக்கும் எனக்கு முதுகு ஒரு சாண் நிமிர்கிறது. யாரிடமாவது மனஸ்தாபம் வரும்போல இருந்தால், அவர்கள் பீரோவுக்குள்ளும் நமக்கு ஆகிற மாதிரி என்னவோ மடிந்து கிடக்கும் என்று கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.

பழம் பறித்த அன்று சாயங்காலம் தங்கள் பங்குக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டின மதினி, திரும்பி நின்று சொன்னார்கள்:

"அடுத்த மாசம் ஒரு வளைகாப்பு இருக்கு, ரெண்டு பேரும் போவோம். தாம்பூலத்துல கொஞ்சம் பெரிய துணியாக் குடுத்தாத் தேவல, எங்க பக்கத்துக் கொப்புல காய் பெருசுல்லா."